பொங்கற் பண்டிகையும் உழவுத் தொழிலும்

தமிழ் நாட்டில் கொண்டாடப்படும் பண்டிகைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை தெய்வங்களைப் பற்றியோ, புராண நிகழ்ச்சிகளைப் பற்றியோ ஏற்பட்டவை. முன்பனிக் காலத்தில், தை மாதம் முதல் தேதியில் வரும் பொங்கற் பண்டிகையோ வயலையும், களத்தையும், மாட்டுக் கொட்டிலையும் பற்றியது. பட்டணங்களில் வசிப்போருக்கு இது தொடர்ந்து வரும் விடுமுறை நாட்களாக இருக்கலாம். குடியானவருக்கு ஓராண்டு உழைப்பின் கணக்கைத் தீர்க்கும் நாள் இதுவே.

தமிழ் நாட்டில் தை மாதத்து முதல் மூன்று நாட்களும் அரசாங்க விடுமுறை நாட்களாகும். அவை முறையே பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என வழங்குகின்றன. திருவள்ளுவர் தினத்தன்றே மாட்டுப் பொங்கலும் வருகிறது. இலங்கையிலும் தைப்பொங்கல் பொது விடுமுறை நாளே. இப்பண்டிகையின் வழக்கங்கள் எவ்வாறு ஏற்பட்டன என்பதையும், அவற்றுள் இன்றைய பயிர்த் தொழிலுக்கு உதவக் கூடியவை எவை என்பதையும் கீழே காணலாம்.

பண்டிகையின் தேதி

சூரியன் மகர ராசியில் புகும் நாளே தை முதல் தேதி. அன்று முதல் உத்தராயணம் தொடங்குகிறது, அதாவது சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்பது வழிவழியாக வந்த கொள்கை. ஆயினும், சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ந் தேதியாகும். பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15-ந் தேதியில் வருகிறது. இடையிலுள்ள சுமார் 24 நாள் வேற்றுமைக்குக் காரணம் உண்டு. பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலையைப் போல, மிக மெதுவாகத் திசை மாறிக்கொண்டே வருகிறது. இதனால், நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டிற்கும் பருவங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டிற்கும் இடையே சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் வேற்றுமை உண்டாகிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால், சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கராந்தியும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன என்பது விளங்கும்.

இம்மாறுதல் இன்றும் நடந்துகொண்டேயிருக்கிறது. சுவாமி விவேகாநந்தர் 1863-ஆம் ஆண்டு மகர சங்கராந்தியன்று பிறந்தார். அன்று ஜனவரி 12-ந் தேதி. 2024-ஆம் ஆண்டிலோ பொங்கல் ஜனவரி 15-ந் தேதி வந்தது. ஆகவே, பஞ்சாங்கத்தின் தை மாதம் பருவத்தை விட்டுச் சிறிது சிறிதாகப் பின்தங்கி வருகிறது.

பயிர்களும் தை மாதமும்

பொங்கற் பானையைச் சுற்றி வைக்கப்படும் பொருள்கள் யாவும் அக்காலத்தில் வயலிலிருந்து புதிதாகக் கிடைப்பவை. இதற்குக் காரணம் இரண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து, மார்கழியில் ஓய்கிறது என்பது ஒன்று. பகற்பொழுது குறுகுவது மற்றொன்று.

தஞ்சாவூர்ப் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை சுமார் ஒன்றேகால் மணி நேரமே. மனிதர் இதனைப் பெரிதாக உணர்வதில்லை. பழைய சம்பா நெல் நன்றாக உணரும். அந்த நெல் வகைகளுக்குப் பகல் குறுகினால்தான் பூக்கும் இயல்பு உண்டு. நாற்று ஆடியில் விட்டாலும், ஆவணியில் விட்டாலும், கதிர் வெளிவரும் காலம் பெரிதும் மாறாது. கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் பூத்து, அதன்பின் சுமார் 30 நாட்களில் முற்றும். பூ மழையில் கெடுவதில்லை. மணி பனியிலும் வெயிலிலும் முற்றுகிறது. அறுவடைக் காலத்தில் களம் உலர்ந்திருக்கிறது. மழை ஓயும் காலத்தையும் பகல் குறுகும் காலத்தையும் பொருத்தி, அவற்றிற்கு இசைந்த விதைகளைப் பல தலைமுறைகளாக உழவர் பொறுக்கி வைத்ததன் பயனே இது. தை முதல் தேதியில் அறுவடை முழுவதும் முடிந்துவிடுவதில்லை. பல ஊர்களில் அப்பொழுதுதான் தொடங்கும். முதலில் முற்றிய வயலிலிருந்து வந்த புது நெல்லே பொங்கற் பானைக்கு உரியது.

மற்றப் பொருள்களுக்கும் இவ்வாறே காரணம் கூறலாம். பழைய அவரை வகைகளும் மொச்சையும் பகல் குறுகும் காலத்திலேயே பூத்துக் காய்ப்பவை. ஆதலின் அவை பொங்கற் குழம்பில் தவறாமல் இடம் பெறுகின்றன. வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் எட்டு ஒன்பது மாதங்களில் முற்றித் தையில் வெட்டுக்கு வருகிறது; இலையோடும் கிழங்கோடும் பிடுங்கிய மஞ்சட் கொத்து பானையின் கழுத்தில் கட்டப்படுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களில் பனங்கொட்டைகளை மண்ணில் புதைத்து, முளைத்த கிழங்கை மார்கழி, தையில் தோண்டி எடுப்பர். சிறு கிழங்கு, கருணை, சர்க்கரைவள்ளி முதலியவையும் அக்காலத்தவையே.

கரும்பைப் பற்றித் தனியே கூற வேண்டும். பொங்கலுக்கு வாங்கப்படும் செங்கரும்பு ஆலைக் கரும்பன்று; தடித்து, மெல்லுவதற்கு மிருதுவாயிருக்கும் வகை. சித்திரை, வைகாசியில் நட்டு, பல முறை சோகை உரித்து, சாயாமல் சேர்த்துக் கட்டி வளர்த்து, தை பிறக்குமுன் வெட்ட வேண்டும். கடலூர், தஞ்சாவூர் மாவட்டங்களிலும் மதுரைக்கு அடுத்த மேலூர்ப் பகுதியிலும் இது மிகுதியாகப் பயிராகிறது. ஏறக்குறைய பத்து மாத உழைப்பின் விலை ஒரு வார விற்பனையில் நிர்ணயமாவதால், இப்பயிரில் துணிவும் வேண்டும், முன்யோசனையும் வேண்டும். அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் குடும்ப அட்டைதாரர்களுக்குப் பச்சரிசி, சர்க்கரையுடன் ஒரு முழுக் கரும்பும் வழங்கி வந்ததும், அதற்கான கரும்பை விவசாயிகளிடமிருந்து கொள்முதல் செய்ததும் இத்தகைய குடியானவருக்கு ஓரளவு ஆதரவாயின. தடித்த கரும்பினத்தையும் காட்டு நாணலையும் கலந்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1918-ஆம் ஆண்டில் கோ. 205 என்னும் வகையை வெளியிட்டதும் இங்கு நினைக்கத் தக்கது. இந்திய நாட்டின் சர்க்கரைத் தொழில் வளர்ந்தது அத்தகைய கலப்பினங்களினாலேயே.

பழைய சான்றுகள்

தை மாதத்தைச் சிறப்பித்தல் தமிழ் நாட்டில் மிகப் பழமையானது. சங்க நூல்களாகிய நற்றிணை, ஐங்குறுநூறு, கலித்தொகை, பரிபாடல் முதலியவற்றில் இளம் பெண்கள் தை மாதத்தில் நோன்பிருந்து நீராடுதல் கூறப்படுகிறது. பரிபாடலில் வைகையில் நீராடும் கன்னியர், நிலம் வெப்பத்தால் வாடாமல் மழையால் குளிர வேண்டுமென வேண்டுகின்றனர். புதுக்கலத்தில் பாற்பொங்கல் பொங்குதல் திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் காணப்படுகிறது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர் ஏறு தழுவுதல் விரிவாக வருணிக்கப்பட்டுள்ளது. நீர், புதுப்பானை, மாடு ஆகிய மூன்றும் இவ்வாறு பழைய நூல்களிலேயே இடம் பெற்றுள்ளன.

இப்பண்டிகை தமிழ் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆந்திரத்தில் போகி, சங்கராந்தி, கனுமா என மூன்று நாட்களும், அஸாமில் மாக பிஹு என்னும் அறுவடை விழாவும், வட நாட்டில் மகர சங்கராந்தியும் ஏறக்குறைய இதே நாட்களில் கொண்டாடப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் காலபோக நெல்லின் முதற் கதிரைத் தைப்பூசத்தன்று எடுத்துப் பூசித்தலைப் புதிரெடுத்தல் என்பர்.

போகி

மார்கழி மாதத்தின் கடைசி நாள் போகி. போகி என்பது மழைக்குரிய தெய்வமாகக் கருதப்படும் இந்திரனின் பெயர். அன்று வீட்டை மெழுகி, வெள்ளையடித்து, பழைய பாய், துடைப்பம், கூடை முதலியவற்றை விடியற்காலையில் கொளுத்துவர். கொங்கு நாட்டில் வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை ஆகியவற்றைச் சேர்த்து வீட்டுக் கூரையிலும், கொட்டிலிலும், வயலிலும் செருகிக் காப்புக் கட்டுவர். புது நெல் வீட்டிற்கு வருமுன், குதிர்களையும் களத்தையும் சுத்தம் செய்வதே இந்நாளின் உட்பொருள். பழைய நெல்லில் தங்கிய அந்துப் பூச்சியும் வண்டும் புது நெல்லுக்குத் தாவாமலிருக்க இது மிகவும் அவசியம்.

முற்காலத்தில் எரிக்கப்பட்டவை பாயும் ஓலையும் கோரையுமே. பிற்காலத்தில் ரப்பர் டயர்களும் பிளாஸ்டிக் பொருள்களும் அவற்றின் இடத்திற்கு வந்தன. 2018-ஆம் ஆண்டு போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. கிராமத்தில் நேரும் நஷ்டம் வேறு வகையானது. சோகை, சருகு, வைக்கோற் கழிவு ஆகியவற்றை எரித்தால் அவற்றிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றில் போய்விடும். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 6 கிலோ வரை தழைச்சத்து உண்டு. அதனைக் கொளுத்திவிட்டுப் பின்னர் யூரியா வாங்குவது, கைப்பொருளை எறிந்துவிட்டுக் கடன் வாங்குவது போலாகும். மக்கக் கூடிய குப்பையை அன்றே குழியிலிட்டுச் சாணிப்பால் தெளித்துக் கம்போஸ்டு எருவாக்கத் தொடங்கினால், போகியின் நோக்கமும் நிறைவேறும், ஆடிப்பட்டத்திற்கு எருவும் கிடைக்கும்.

பெரும் பொங்கல்

தை முதல் தேதியன்று முற்றத்தில் கோலமிட்டு, புதுப்பானையில் பாலும் நீரும் கலந்து உலையேற்றி, அது பொங்கி வழியும்போது புது அரிசியை இடுவர். பால் பொங்கும்போது எல்லோரும் “பொங்கலோ பொங்கல்” என்று கூவுவர். அப்பொங்கல் சூரியனுக்குப் படைக்கப்படும். திறந்த வெளியில் சூரியன் முன் பொங்குவதற்குப் பொருத்தமான காரணம் உண்டு. நெல்லின் மணியில் சேரும் மாவுப் பொருளில் பெரும் பகுதி, கதிர் வெளிவந்த பின் இலைகள் வெயிலின் உதவியால் ஆக்குவதேயாகும். மார்கழி முழுவதும் வானம் மூடியிருந்தால் பதர் மிகும் என்பது குடியானவர் அநுபவத்தில் கண்டது. ஆகவே அன்றைய வழிபாடு விளைவித்துக் கொடுத்தவனுக்குச் செலுத்தும் நன்றியே.

“தை பிறந்தால் வழி பிறக்கும்” என்னும் பழமொழியும் வெறும் ஆறுதல் மொழியன்று. நெல் களத்திற்கு வந்தால்தான் வாங்கிய கடன் தீரும், ஆட்களுக்குக் கூலி நெல் அளக்கப்படும், தச்சர், கொல்லர், குயவர் முதலியோருக்கு உரிய பங்கு கிடைக்கும், கல்யாணம் நிச்சயமாகும். மழைக் காலத்தில் நீரும் சேறுமாய்க் கிடந்த வண்டிப் பாதைகளும் அப்பொழுதுதான் காயும்.

மாட்டுப் பொங்கல்

இரண்டாம் நாள் மாடுகளுக்கு உரியது. சிவபெருமான் நந்தியை அழைத்து, மக்கள் தினந்தோறும் எண்ணெய் தேய்த்து முழுகவும் மாதம் ஒரு முறை உண்ணவும் வேண்டுமெனச் சொல்லி வரும்படி அனுப்பினார் என்றும், நந்தி அதை மாற்றித் தினந்தோறும் உண்ணும்படி கூறிவிட்டது என்றும், அவ்வளவு உணவை விளைவிக்க நீயே சென்று உழு என்று பெருமான் அதைப் பூமிக்கு அனுப்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மனிதன் உண்ணும் சோறு மாட்டின் உழைப்பு என்பதே கதையின் கருத்து.

அன்று மாடுகளை ஏரியிலோ குளத்திலோ கழுவி, கொம்பு சீவி வர்ணம் பூசி, புதிய மூக்கணாங்கயிறும் கழுத்துக் கயிறும் மாற்றி, மாலையிட்டு, ஏரும் நுகமும் கழுவிப் பொட்டிட்டு வைப்பர். காவிரிப் பகுதியில் நெட்டி மாலை கட்டுவர். கொங்கு நாட்டில் இதனைப் பட்டிப் பொங்கல் என்பர். பட்டியில் சாணத்தால் சிறு தெப்பக்குளம் அமைத்து நீர் விட்டு, மாடுகளை அதில் மிதித்துக் கடக்கச் செய்வர்.

சடங்காகத் தோன்றும் இவை மாட்டைத் தலை முதல் குளம்பு வரை ஒரு முறை கவனமாகப் பார்க்கும் வாய்ப்பைத் தருகின்றன. கழுவும்போது உண்ணி, சொறி, நுகத்தடிப் புண் ஆகியவை தெரியவரும். கயிறு மாற்றும்போது மூக்குப் புண் தெரியும். மழைக் காலமெல்லாம் சேற்றில் நின்ற குளம்புகளைச் சோதிக்கவும் இதுவே தருணம். கொம்புக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசிய பழைய வழக்கம் தீங்கற்றது. இரும்புக்கும் மரத்துக்கும் பூசும் வர்ணங்களை மாடுகள் நக்க நேரிடுவதால் அவற்றைத் தவிர்த்தல் நலம்.

இந்நாளில் அன்பினாலேயே நேரும் தீங்கு ஒன்று உண்டு. மாட்டுக்குப் பொங்கற் சோற்றையும் வெல்லத்தையும் வாழைப்பழத்தையும் அளவின்றி ஊட்டுவர். மாட்டின் முதல் இரைப்பை வைக்கோலையும் புல்லையும் செரிப்பதற்கென அமைந்தது. வெந்த சோறு மிகுதியாகச் சேர்ந்தால் அது விரைவில் புளித்து அமிலம் பெருகும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழிச்சல் உண்டாகும், தள்ளாடிப் படுத்துவிடும். தக்க சிகிச்சை விரைவில் கிடைக்காவிடில் உயிருக்கும் ஆபத்தாகும். ஒரு பிடி பொங்கலை வாழையிலையில் வைத்துக் கொடுத்து, வயிறு நிறையப் பசும்புல்லோ வைக்கோலோ போடுதலே முறை. வீட்டார் ஒவ்வொருவரும் தனித்தனியே ஊட்டாதபடி ஒருவர் மேற்பார்த்தல் நல்லது. உப்புசமோ அசைபோடாமையோ கண்டால் மறுநாள் வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஜாதி மாடுகளும் ஜல்லிக்கட்டும்

தமிழ் நாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற ஜாதி மாடுகள் உண்டு. வறண்ட கொங்கு நாட்டிற்கும் கவலை இறைப்பிற்கும் காங்கயம் காளைகள் பேர் போனவை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அவ்வினத்தைப் பேணி வளர்த்துப் புகழ் பெற்றனர். காவிரிப் பாசனப் பகுதியின் ஆழ்ந்த சேற்றில் உழுவதற்கு உம்பளாச்சேரி மாடுகள் ஏற்றவை. அவற்றின் கொம்புகளை நீக்கி விடுவது அப்பகுதியின் பழைய வழக்கம். பர்கூர் மலை மாடுகளும், ஆலம்பாடி மாடுகளும், மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிகுளம் மாடுகளும் குறிப்பிடத் தக்கவை. பம்புசெட்டும் டிராக்டரும் வந்தபின் இக்காளைகளுக்கு வேலை குறைந்தது. வேலை குறையவே அவற்றை வளர்ப்போரும் குறைந்தனர்.

ஜல்லிக்கட்டு இவ்விடத்தில்தான் கருதத் தக்கதாகிறது. காளையின் கொம்பில் சல்லிக் காசுகளை முடிந்து கட்டியதால் இப்பெயர் வந்தது என்பர். மதுரைக்கருகில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் பொங்கலையொட்டி அடுத்தடுத்த நாட்களில் இது நடைபெறுகிறது. விலங்குகளுக்குத் துன்பம் விளைகிறதென்ற வழக்கில், 2014-ஆம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு இதனைத் தடை செய்தது. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை மெரினாவிலும் பிற ஊர்களிலும் இளைஞர் பெருந்திரளாகக் கூடிக் கிளர்ச்சி செய்தபின், மாநில அரசாங்கம் சட்டம் இயற்றி இதனை அனுமதித்தது. அச்சட்டம் செல்லும் என்று 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. விளையாட்டிற்காக வளர்க்கும் காளைகளே அக்கம்பக்கத்துப் பசுக்களுக்குப் பொலிகாளைகளாகவும் பயன்படுவதால் இனம் காக்கப்படுகிறது என்பது அதனை ஆதரிப்போர் வாதம். ஆயினும், காளை இருந்தால் மட்டும் இனம் நிலைக்காது. நாட்டுப் பசுவை வளர்ப்பவருக்கு அதனால் வருவாய் கிடைக்க வேண்டும். மேய்ச்சல் நிலமும் வைக்கோலும் இன்றி அது கைகூடாது.

காணும் பொங்கல்

மூன்றாம் நாள் உற்றார் உறவினரைக் காணும் நாள். பெண்கள் ஆற்றங்கரையிலோ முற்றத்திலோ மஞ்சள் இலையில் சோற்றுப் பிடிகளை வைத்து, உடன்பிறந்தார் நலத்திற்காக வேண்டுதலைக் கணுப்பிடி என்பர். கல்யாணமான பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சட் கொத்து முதலியவை பொங்கற் சீராகச் செல்லும். விளைந்ததில் ஒரு பகுதி இவ்வாறு விளையாத வீட்டிற்கும் பகிரப்படுகிறது.

இன்றைய நிலை

1966-ஆம் ஆண்டு முதல் ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் வகைகள் பரவின. அவற்றிற்கும் அவற்றின் வழிவந்த வகைகளுக்கும் பகலின் நீளம் பொருட்டன்று. விதைத்த நாளிலிருந்து எண்ணினால் அறுவடை நாள் தெரியும். இதனால் விளைவு பெருகியது. ஆண்டில் இரண்டு மூன்று போகமும் இயன்றது. ஆனால் பருவத்தோடு பயிருக்கிருந்த கட்டு அவிழ்ந்தது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அது தாமதமாகும் ஆண்டுகளில் பொங்கலன்று சம்பா வயல் பச்சையாகவே நிற்பதுண்டு. ஜனவரி மழையும் சில ஆண்டுகளில் கெடுதல் செய்கிறது; 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் பெய்த மழையால் காவிரிப் பகுதியில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து நீரில் கிடந்தது. நெல் வகையைத் தெரிந்தெடுக்கும்போது விளைவை மட்டுமன்றி, அது பூக்கும் நாளையும் முற்றும் நாளையும் மழைக் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முன்னோரிடமிருந்து கற்க வேண்டிய பாடம்.

வைக்கோலும் அவ்வாறே. பழைய சம்பா நீண்ட தாளைத் தந்தது. கையால் அறுத்துக் களத்தில் அடித்தபின் அது போராக உயர்ந்து, மாட்டுக்கு ஆண்டு முழுவதும் தீவனமாயிற்று. அறுவடை இயந்திரம் தாளைச் சிதைத்து வயலிலேயே பரப்பி விடுகிறது. அதனைக் கட்டும் இயந்திரங்களும் இப்பொழுது கிடைக்கின்றன. கட்டி எடுத்தால் தீவனம், மடக்கி உழுதால் எரு, கொளுத்தினால் சாம்பல்.

பண்டிகை என்பது பானையும் கரும்பும் மட்டுமன்று. தீவனம் சேர்த்த வைக்கோற் போர், மக்கிய எருக்குழி, பூச்சியில்லாத குதிர், நோயற்ற மாடு, அடுத்த போகத்திற்கெனப் பொறுக்கி வைத்த விதை ஆகியவை ஒரு வீட்டிலிருந்தால் அங்கே பொங்கல் பொருளுடையதாகும். இவற்றைத் தை மூன்று நாட்களிலும் சோதித்து, குறையிருப்பின் அவ்வாண்டே திருத்திக் கொள்ளக் குடியானவர் முயல்வார்களாக.